கிரீஸில் தனிப் படகு எடுத்து சூரிய அஸ்தமனம் பார்ப்பது வீண் செலவா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: செப்டம்பர் கடைசியில் மனைவியோடு ஏதென்ஸ் போகிறீர்கள். ஒரு படகைத் தனியாகப் பேசி, கரையோரமாகப் போய் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஐந்நூறு, அறுநூறு யூரோ கேட்கிறார்கள். கூட்டத்தோடு போகிற படகில் ஆளுக்கு அதில் கால்வாசிகூட ஆகாது. தனிப் படகு தேவையா?

தேவை என்றுதான் சொல்வேன். நாலு பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு பேர் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். நீங்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர் என்று நினைக்கிறேன். கேள்வி எழுதியிருக்கும் விதத்திலேயே மனைவி ஆசைப்படுவதும் நீங்கள் கணக்குப் போடுவதும் தெரிகிறது.

'பணம் இருக்கிறவன் பேச்சு' என்று சொல்ல யாராவது வருவார்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் வேலை, வாடகை வீடு, மதுரையில் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கடன், இதுதான் என் செல்வச் செழிப்பு. நாங்கள் தனிப் படகு எடுத்த பயணத்தில் மற்ற எல்லாம் பஸ், மெட்ரோ, சமையலறை வைத்த சின்ன அறை. ஏதென்ஸில் சாதம் வடித்து, ஊரிலிருந்து வந்த பருப்புப்பொடி போட்டுத்தான் சாப்பிட்டோம். படகு ஒன்றுதான் ஆடம்பரம். அது மாமாவுக்கும் அத்தைக்கும், அதாவது என் மாமனார் மாமியாருக்கு. ஆளுக்கு 90 யூரோ ஷெங்கன் விசாக் கட்டணம் கட்டி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கொடுத்து அவர்களை வரவழைத்தபின், ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்க மனசு வரவில்லை.

கூட்டப் படகும் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் சாந்தோரினித் தீவில் போனோம். அங்கே காட்சி அற்புதம்தான், மறுக்கவில்லை. சுமார் 3600 வருஷத்துக்கு முன்னால் எரிமலை வெடித்து உள்ளே இறங்கிய பள்ளத்தில் கடல் புகுந்திருக்கிறது. சில இடங்களில் கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆழம். மேலே செங்குத்தான பாறை, அதன் விளிம்பில் வெள்ளை வீடுகள். ஆனால் எல்லாப் படகும் ஒரே வழியில் போகும்: சிவப்புக் கடற்கரை, வெள்ளைக் கடற்கரை, பாலியா காமெனி தீவின் வெந்நீர் ஊற்று, கடைசியில் ஓயா ஊருக்குக் கீழே வரிசையாக நின்று அஸ்தமனம். வெந்நீர் ஊற்று என்றதும் குற்றாலம் மாதிரி போய் நின்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். படகு சற்றுத் தள்ளித்தான் நிற்கும்; குளிர்ந்த ஆழத்தில் குதித்து நீந்திப் போக வேண்டும். துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர், வெளிர் நிறத் துணி என்றால் கறை போகாது. அஸ்தமன நேரத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த இன்னொரு படகின் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவளிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இருபத்தைந்து வயசில் அதுவும் சந்தோஷம்தான்.

அத்தைக்கு முட்டிவலி. ஓயாவுக்குக் கீழே உள்ள அம்மூதி துறைக்கு இருநூறுக்கு மேல் படி. அதனால் சாந்தோரினியை விட்டுவிட்டு ஏதென்ஸைச் சுற்றியிருக்கும் அட்டிகா பகுதியின் கரையோரமே போதும் என்று முடிவு செய்தோம். ஏதென்ஸிலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போனால் சுமார் 70 கிலோமீட்டரில் ஸூனியோன் முனை வரும். அதன் உச்சியில், கடலிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், கடல் தெய்வமான பொசைடனின் கோயில். கி.மு. 440களில் கட்டியது. அதற்கு முன்பு அங்கே இருந்த கோயிலை கி.மு. 480இல் பாரசீகர்கள் இடித்தார்கள். அதே வருஷம் சாலமிஸ் கடற்போரில் அவர்கள் தோற்றபோது, பிடிபட்ட ஃபினீசியப் போர்க்கப்பல் ஒன்றைக் கிரேக்கர்கள் இந்த முனையில் காணிக்கையாக வைத்தார்களாம்.

முனைக்குச் சற்று முன்னால் பாலியா ஃபோகியா என்று ஒரு மீன்பிடி ஊர். 1922இல் முடிந்த கிரேக்க-துருக்கிப் போருக்குப் பின் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய இடம். துறையை ஒட்டி மீன் சாப்பாட்டுக் கடைகள். ஏறும்போதே படி ஏற வேண்டாம், பலகை வழியாக நேரே படகுக்குள். அத்தைக்கு அங்கேயே பாதித் திருப்தி.

கேப்டன் ஐம்பதைத் தாண்டிய மனிதர், அளவான ஆங்கிலம். ஸ்டியரிங் பக்கத்தில் கடலோடிகளின் காவலரான புனித நிக்கோலஸ் படம், அதற்குக் கீழே நூலில் தொங்கும் நீலக் கண்ணாடிக் கண். அத்தை அதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "இவங்களுக்கும் திருஷ்டி உண்டாடி?" என்றார். மனைவி மொழிபெயர்த்துச் சொன்னதும் கேப்டன் மூன்று முறை துப்புவது போல் 'ஃப்டூ ஃப்டூ ஃப்டூ' என்று செய்து காட்டினார். அத்தை பதிலுக்கு நெட்டி முறித்துக் காட்டினார். அதற்கப்புறம் அந்த இருவருக்கும் நடுவில் எங்கள் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முனையைச் சுற்றிக் கிழக்கே போய் மக்ரோனிசோஸ் தீவைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கிரேக்க உள்நாட்டுப் போரின்போது, 1947 முதல், இடதுசாரிகளையும் சந்தேகப்பட்ட சிப்பாய்களையும் கொண்டுபோய் அடைத்த தீவு. கேப்டன் சரி என்றுதான் கிளம்பினார். முனையை நெருங்கும்போது கையை நீட்டி எதிரே காட்டினார். இந்தப் பக்கம் கடல் அமைதி. முனைக்கு அப்பால் அலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மெல்டெமி என்கிற வடகாற்று. கோடையில் ஏஜியன் கடலை ஆட்டிவைப்பது இதுதான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், காற்று மட்டும் அடிக்கும். துருக்கிப் பக்கம் உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வுதான் இதை இழுக்கிறது. அந்தத் தாழ்வும் நம் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் தாழ்வின் தொடர்ச்சிதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நம்மூரில் மழை, அங்கே வறண்ட காற்று.

கேப்டன் எஞ்சினைக் குறைத்துவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார். அத்தை அதற்குள் கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்துகொண்டிருந்தார். போகலாம், ஆனால் இந்த அம்மாவுக்கு நல்லதில்லை, திருப்பட்டுமா என்று கேட்டார். திருப்புங்கள் என்றேன். ஐந்தே நிமிஷத்தில் மேற்குப் பக்கம் பாறை மறைவில் நங்கூரம் போட்டாயிற்று.

உங்கள் ஐந்நூறு யூரோ போவது இதற்குத்தான். கூட்டப் படகில் முப்பது பேரில் ஒருவருக்குத் தலைசுற்றுகிறது என்று வழி மாற்றமாட்டார்கள், மாற்றவும் முடியாது. பட்டியலில் எழுதிய இடத்தைக் காட்டாவிட்டால் மற்ற இருபத்தொன்பது பேர் சண்டைக்கு வருவார்கள்.

பாறை மறைவில் தண்ணீர் பச்சையாக, அடி மணல் தெரியும்படி இருந்தது. வைகையில் தண்ணீர் ஓடிய காலத்தில் நீச்சல் பழகியவர் மாமா. இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு ஏணி வழியாக இறங்கினார். லைஃப் ஜாக்கெட் போட்டால்தான் ஆச்சு என்று கேப்டன் பிடிவாதம் பிடிக்க, மாமா அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, போட்டுக்கொண்டே மல்லாக்க மிதந்தார். அத்தை கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தார். செப்டம்பரில் அங்கே கடல் ஜூனைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர்.

ஏழரை மணியை ஒட்டி சூரியன் பெலோபொனீஸ் மலைகளுக்குப் பின்னால் இறங்கியது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேலே கோயிலில் நின்றால் சூரியனைப் பார்ப்பீர்கள், தூண்கள் கறுப்பாகத் தெரியும். கீழே மேற்குப் பக்கம் படகில் இருந்தால் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். வெளிச்சம் முழுக்கத் தூண்கள் மேல் விழும். அந்தச் சலவைக்கல் பக்கத்து அக்ரிலேஸாவில் வெட்டியது. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் கல்லில் இருப்பதுபோல் இரும்புச் சத்து இல்லாததால் பழுப்பேறாமல் வெள்ளையாகவே நிற்கிறது. அதனால் மாலை வெளிச்சத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். முதலில் மஞ்சள், அப்புறம் ஒரு மாதிரி ரோஜா நிறம். நாங்கள் நாலு பேரும் சூரியனைப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

ஏஜியஸ் ராஜா கதையைக் கேப்டன் அப்போதுதான் சொன்னார். கிரீட் தீவுக்கு அரக்கனோடு சண்டை போடப் போன மகன் தீசியஸ் உயிரோடு திரும்பினால் கப்பலில் வெள்ளைப் பாய் கட்ட வேண்டும். ஜெயித்த மகன் மறந்துபோய்க் கறுப்புப் பாயோடே வர, அப்பா இந்தப் பாறையிலிருந்து குதித்துவிட்டார். அத்தைக்குக் கோபம். "பெத்தவன் அங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறான், ஒரு துணிய மாத்த முடியலையா அவனுக்கு?" மாமா எதுவும் சொல்லவில்லை. அவர் கவனமெல்லாம் எஞ்சின் மீதே. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மாப்ள, இது மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்னு கேளுங்க." கேட்டேன். கேப்டன் மூடியைத் தூக்கியே காட்டிவிட்டார். இருவரும் குனிந்து உட்கார்ந்து டீசல் வடிகட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த போட்டோதான் அந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த போட்டோ.

எரிபொருள் என்றதும் ஞாபகம் வருகிறது. கிரீஸில் தனிப் படகு வாடகையில் பல இடங்களில் எரிபொருள் சேராது. வரியும் தனியாக இருக்கலாம். எங்கள் கேப்டன் முதல் செய்தியிலேயே இவ்வளவு வாடகை, இவ்வளவு டீசல் என்று எழுதிவிட்டார். இறங்கும்போது ஒரு யூரோ கூடக் கேட்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மைத்துனி கல்யாணத்துக்கு மதுரையில் ஒரு மண்டபம் பிடித்தோம். பேசியது ஒன்று. கடைசியில் கரண்டு மீட்டர் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, கேஸ் தனி, கூட்டிப் பெருக்கத் தனி, உடைந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்குத் தனி. ஜெனரேட்டர் ஓடியதே அரை மணிதான். மின்வாரிய ஆளிடமே ஐந்து மணி நேரக் கணக்கு காட்டினார்கள். பெண்வீட்டுக்காரர் தாலி கட்டிய மறுநாள் சண்டை போடமாட்டார் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். மாமா பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார். இதைப் பற்றிச் சொந்தத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் படகுப் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும், "மெரினாவில் பார்க்காத சூரியனா? இந்தக் காசுக்கு அரை பவுன் வாங்கியிருக்கலாம்" என்று சின்ன மாமனார் எழுதினார். மெரினாவில் சூரியன் உதிக்கும், மறையாது. பெரியவர் என்பதால் பதில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காற்று அதிகமானால் துறைமுகக் காவல்படை படகுகளை வெளியே விடாது. காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6ஐத் தொட்டால், படகின் அளவைப் பொறுத்துத் தடை வரும். அப்படி நடந்தால் முழுப் பணம் திரும்பி வருமா, வேறு நாள் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரீஸ் போனதுமே முதல் நாட்களில் பதிவு செய்தால், தள்ளிப்போனாலும் கையில் நாள் இருக்கும். செப்டம்பர் கடைசியில் ஏழு இருபதை ஒட்டி இருட்ட ஆரம்பிக்கும், அதனால் நாலு, நாலரைக்கே கிளம்புகிற மாதிரி பேசுங்கள். 'அஸ்தமனப் பயணம்' என்று போட்டு ஆறு மணிக்கு ஏற்றுகிறவர்களிடம் குளிக்க நேரமே கிடைக்காது.

சைவம் என்றால், விரதச் சாப்பாடு என்று கேட்பது நல்லது. அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் விரதத்தில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது, எல்லாருக்கும் புரியும். ஆனால் கணவாய், இறால், ஆக்டோபஸ் விரதத்தில் அனுமதி. அதைத் தனியாக 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். எங்களுக்கு அரிசி அடைத்த திராட்சை இலைச் சுருள், பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி வெள்ளரி, தர்பூசணி வந்தது. திராட்சை இலையை அத்தை பிரித்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டார்.

இவ்வளவுக்கும் அப்புறம் கணக்கு இடித்தால், வருத்தப்படாதீர்கள். ஏதென்ஸிலிருந்து ஸூனியோன் வரை கடலோரச் சாலையில் கேடெல் என்கிற வெளியூர் பஸ் ஓடுகிறது, இரண்டு மணி நேரம் ஆகும். கோயில் வளாகம் அஸ்தமனம் வரை திறந்திருக்கும். போகும்போது பஸ்ஸில் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.