ராத்தங்கல் நோயாளிகள்: கேள்வி-பதில்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தாங்குமா? (செவிலியர், கல்லல் பக்கம்)

நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 5 மணி நேரம், 2 லிட்டர் போனால் பன்னிரண்டரை மணி நேரம். கேஜில் முள் பாதியில் நின்றால் கணக்கும் பாதி. முள் எங்கே நிற்கிறது என்று மணியோடு எழுதி வையுங்கள்.

காய்ச்சல் நோயாளியை இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறோம். எத்தனை பாட்டில் சலைன் ஏற்றலாம்? (தேவகோட்டை)

யாருக்கு? வயது, எடை, பிரஷர் எதையுமே எழுதாமல் பாட்டில் கணக்கு கேட்டால் நான் என்ன சொல்வது? 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது போக வேண்டும். அளந்தீர்களா? டெங்குவாக இருந்தால் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. அப்போது கண்மூடித்தனமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

பாம்பு கடித்து வந்தவர் நன்றாகத்தான் இருக்கிறார், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். அனுப்பலாமா? (திருப்பத்தூர்)

கூடாது. கடித்ததிலிருந்து 24 மணி நேரம் உங்கள் கண் பார்வையிலேயே இருக்கட்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியும் இராது, வீக்கமும் இராது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலை வயிற்றுவலி என்று வருவார். கண் இமை தொங்கினால் மூச்சும் தளரப்போகிறது என்று வையுங்கள், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கொரு முறை பாருங்கள், அப்புறம் மணிக்கொரு முறை. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் பொய் சொல்லும்.

பார்த்ததை எழுதுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நான் பணியில் இருந்தபோது ஒரு பெண்ணை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். கையில் துண்டுச் சீட்டு: ‘பாம்புக்கடி, மருந்து போட்டாயிற்று’. விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி? எத்தனை மணிக்கு? ரத்தம் உறைந்ததா? ஒன்றும் இல்லை. முதலில் இருந்து ரத்தம் எடுத்துக் காத்திருந்தோம். அந்த 20 நிமிடமும் அவள் ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. அவள் பிழைத்தாள். ஆனால் அந்தக் காத்திருப்பு தேவையே இல்லாதது. அனுப்பியவர் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். மேல் சிகிச்சைக்குச் சிவகங்கைக்கோ காரைக்குடிக்கோ அனுப்புகிறீர்களா? கடித்த மணி, மருந்து போட்ட மணி, எத்தனை குப்பி, கடைசியாகப் பார்த்த பிரஷர், இந்த நான்கும் சீட்டில் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது.

எங்கள் ஐயா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. பத்துப் படுக்கை போட்டு ஊருக்கு மருத்துவம் செய்ய ஆசை. (கானாடுகாத்தான்)

நல்ல மனசு. ஆனால் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் சாமான் வைக்கக் கட்டியவை. நிலைப்படி உயரம், ஸ்ட்ரெச்சர் திரும்பாது. முன்கட்டுக் கூடமான பட்டாலையில் படுக்கை போடுங்கள். கழிப்பறை பின்கட்டில் இருந்தால் பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்டுங்கள். சலைன் ஏறும் ஆள் மழை நாளில் வளவைச் சுற்றி நடக்க முடியாது, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும். மருத்துவமனைகளை முறைப்படுத்தும் 1997-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ராத்திரி யார் விழித்திருப்பார்? மூன்று ஷிப்டு, விடுப்பு எல்லாம் சேர்த்தால் குறைந்தது ஐந்து செவிலியர். கட்டில் வாங்கும் முன் அவர்களைத் தேடுங்கள்.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஆச்சிக்கு இடுப்பில் சிவந்திருக்கிறது. பவுடர் போட்டுத் தேய்க்கலாமா? (பள்ளத்தூர்)

தேய்க்காதீர்கள். விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது, நர்ஸை வரச் சொல்லிக் காட்டுங்கள். அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டுங்கள். 6 மணி மல்லாந்து, 8 மணி இடப்பக்கம் என்று எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.