சதுர ஓட்டை, வட்ட வெளிச்சம்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஒளிப் பாடம் நடத்துகிறேன். எங்கள் பள்ளியில் ஆய்வகம் இல்லை. என்ன செய்து காட்டலாம் ஐயா? – ஓர் ஆசிரியை, தேவனாம்பட்டினம், கடலூர்.

பதில்: கடலூர் வெயிலே ஆய்வகம்தான் அம்மா! அட்டையில் 2 மி.மீ. அளவில் சதுர ஓட்டை போடுங்கள். 2 மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளில் வெளிச்சத்தை விழவையுங்கள். ஓட்டையோ சதுரம், விழுவதோ வட்டம்! காரணத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அது சூரியனின் பிம்பம். பூவரச மரத்தடியில் விழும் வட்டங்களும் அப்படித்தான். சூரிய கிரகணத்தின்போது அவை பிறையாகும்.

வட்டத்தை அளக்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய 19 மி.மீ. வரும். அதை 2000-ஆல் (ஓட்டைக்கும் தாளுக்கும் இடையே உள்ள 2 மீட்டர், மி.மீ.யில்) வகுத்து, சூரியனின் தூரமான 15 கோடி கி.மீ.யால் பெருக்கினால் சூரியனின் விட்டம், சுமார் 14 லட்சம் கி.மீ., கிடைக்கும். ஓட்டை வழியாக யாரும் சூரியனைப் பார்க்கவே கூடாது. தாளை மட்டுமே பார்க்க வேண்டும்.