சிரித்த முகம் மருந்தாகுமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஆறு ஆண்டுகளாக முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்து வருகிறேன். காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் மாமனார், நான் முகம் சுளிக்கும்போதெல்லாம் ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். எதையும் குறையாகவே நினைப்பதால்தான் வலி தீரவில்லை என்கிறாள் அக்கா. அழுத மறுநாள் வலி கூடினால், நானே வரவழைத்துக்கொண்டேனோ என்று குற்ற உணர்வாக இருக்கிறது. மனநிலைக்கும் நோய்க்கும் உண்மையில் தொடர்பு உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. சரவாங்கி என்று நம் ஊர்களில் சொல்லும் இந்நோய், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவதால் வருவது, அழுகையால் வருவதன்று. மன அழுத்தமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும் என்பது மெய்தான். ஆனால் நோய் கிளம்பப்போகும் நாளில் உடல் முன்னதாகவே சோர்ந்து, அதனாலேயே அழுகை வருவதும் உண்டு.

மனத்தின் பங்கைப் பற்றி நடந்த ஆய்வுகளின் கதை சுவையானது. உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்து 2001-இல் வெளியான ஆய்விலோ ஆயுள் நீளவில்லை. மனத்துயரும் வலியும்தான் குறைந்தன. அந்தக் குழுக்களில் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சத்தையும் ஆற்றாமையையும் வாய்விட்டுச் சொல்லத்தான் இடம் கொடுத்தார்கள்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, மூட்டுநோயாளிகளுக்காக அதே பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் நடத்திய சுயபராமரிப்புப் பயிற்சி. 1993-இல் வெளியான கணக்குப்படி, பயிற்சி பெற்றவர்களுக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் வலி சராசரியாக 20 விழுக்காடு குறைந்திருந்தது; உடல் இயலாமையோ 9 விழுக்காடு கூடியிருந்தது. நோய் தன் வழியில் முன்னேறியும் வலி குறைந்ததற்கு, ‘இதை என்னால் சமாளிக்க முடியும்’ என்ற உறுதி வளர்ந்ததை முக்கியக் காரணமாக அவர்கள் கண்டார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வது வேறு, இந்த உறுதி வேறு. இது செய்து பார்த்து வருவது: எழுந்ததும் வெந்நீரில் கைகளை வைத்திருப்பது, பாத்திரத்தை விரல்களால் பிடிக்காமல் இரு உள்ளங்கைகளாலும் ஏந்துவது, துணி பிழிவதையும் குடம் தூக்குவதையும் தயங்காமல் இன்னொருவரிடம் விடுவது. மன வலிமையே போதும் என்று மாத்திரையை நிறுத்திவிட்டவர்களின் மூட்டுகள் சிதைந்தால், அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

மாமனாருக்கும் ஒரு சொல். அவர் சொல்லும் குறள் அரசியல் பகுதியில், எடுத்த வினையில் தளராமை பற்றி வருவது. நோய்க்கென்று வள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தையே தனியாக வைத்திருக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்தை அவர் நான்காகப் பிரிக்கும் 950-ஆம் குறளை, தமிழாசிரியருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது பங்கு வீட்டாருடையது.

கேள்வி: சிறுநீரகம் செயலிழந்த என் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. வீடு திரும்பினால் யாரிடமும் பேசுவதில்லை. உற்சாகமாக இரு என்றால் கோபம் வருகிறது. நான் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த நாளில் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான்கு மணி நேரம் போல இயந்திரத்தோடு இணைந்திருந்து, உடலில் தேங்கிய நீர் வெளியேறியபின் வரும் களைப்பு பல மணி நேரம் நீடிக்கலாம். அதை மனச்சோர்வென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டயாலிசிஸ் இல்லாத நாள்களைக் கவனியுங்கள். அந்த நாள்களிலும் பிடித்தவை எதிலும் நாட்டமில்லாமல், தூக்கம் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படியே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அவருடைய சிறுநீரக மருத்துவரிடமே சொல்லுங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம். மற்றபடி, உற்சாகமாக இரு என்பதற்குப் பதிலாக, ‘இன்று எது கஷ்டமாக இருந்தது?’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.