இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் ஒப்பிட வேண்டாம்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் தேயிலை மலையை ஒட்டிய காட்டோரத்தில் நீங்கள் கட்டிய தானியங்கிக் கமராவின் இரண்டு படங்களில் புள்ளிகள் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து, அங்கே இரண்டு சிறுத்தைகள் நடமாடுவதாக முடிவுசெய்ய முடியாது. முதற்படத்தில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் தெரிகின்றன. ஒரே சிறுத்தைக்கும் இரு விலாப்புறங்களில் புள்ளி அமைப்பு வெவ்வேறாகவே இருக்கும். புள்ளியே இல்லாத வெண்திமிங்கிலங்களிலும் இதே சிக்கல்தான்: அலாஸ்காவின் குக் குடாவில் அவற்றைத் தழும்புகளால் அடையாளம் காணும் ஆய்வாளர்கள் இருபக்கப் படங்களையும் தனித்தனித் தொகுப்புகளாக வைத்திருக்கிறார்கள்.

ஒரே பக்கப் படங்களை மட்டும் எடுத்து, தோளுக்குப் பின்னாலோ பின்தொடையிலோ எளிதில் கண்ணில் படும் ஒரு புள்ளியை, உடைந்த வளையம் அல்லது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு புள்ளிகள் போன்றதை, தேர்ந்துகொண்டு, அதைச் சுற்றியுள்ளவற்றின் வடிவத்தையும் இடைவெளியையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். உடற்பருமனை நம்ப வேண்டாம். அது படத்துக்குப் படம் ஏமாற்றும்.

பாதையின் எதிர்ப்புறத்தில் இன்னொரு கமராவைச் சற்றுத் தள்ளிக் கட்டினால், விலங்கு ஒருமுறை கடக்கும்போதே இரு பக்கமும் பதிவாகும்.

சிறுத்தை உடலைத் திருப்பும்போது தோல் இழுபட்டுப் புள்ளிகளும் நீண்டு தெரியும் என்பதால், சாய்வான கோணத்தில் விழுந்த படத்தைக் கொண்டு எதையும் உறுதிப்படுத்தாதீர்கள். கமரா உள்ள இடத்தையும் பொதுவில் எழுதாதீர்கள்; சிறுத்தை நடமாடும் இடம் அதனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தைகள் சிக்கி இறப்பது நம் தோட்டங்களில் நடப்பதுதான்.