அம்மாவிடம் கத்தியதை எழுதலாமா?

கேள்வி: அக்கா, மூன்று வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். அண்ணன் மலேசியாவில் இருக்கிறான், பணம் அனுப்புவான், அவ்வளவுதான். அம்மா போவதற்கு நாலு நாள் முன்னால் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார்கள் என்று கத்திவிட்டேன். "செத்துத் தொலையேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஒன்றரை வருஷமாக யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மனதில் இருப்பதை நோட்டில் எழுதினால் பாரம் குறையும் என்றாள் மகள். ஒரு நாள் எழுதினேன், ராத்திரி முழுக்க அழுகைதான். விட்டுவிடவா? நான் பர்மியப் பள்ளியில் படித்தவள், தமிழில் பிழையில்லாமல் எழுதவும் வராது.
- பெயர் வேண்டாம், பெகு

பதில்: விட வேண்டாம் தங்கச்சி. முதல் நாள் அழுகை வருவது வழக்கம்தான். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 46 கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுத வைத்தார். 1986-இல் அதன் முடிவு வெளியானது. மனதைப் புண்ணாக்கிய சம்பவத்தை எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு வாடித்தான் போனார்கள், ரத்த அழுத்தம்கூட ஏறியிருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் டாக்டரைத் தேடிப் போவது அவர்களில் ஒரு பிரிவினருக்குக் குறைந்தது. யாருக்கு என்றால், நடந்ததையும் எழுதி, அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்களுக்கு.

உங்கள் நோட்டில் என்ன இருக்கும் என்று ஊகிக்கிறேன். "நான் பாவி, நான் பாவி" என்றுதானே? அது போதாது. அன்றைக்கு மணி என்ன, அதற்கு முந்தைய ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், கஞ்சி எங்கே கொட்டியது, யார் துடைத்தது, அண்ணன் கடைசியாக எப்போது போன் செய்தான், அதையெல்லாம் எழுதுங்கள். அந்தக் கத்தலில் பாதி அண்ணனுக்குப் போக வேண்டியதோ என்னவோ, எழுதினால்தான் உங்களுக்கே தெரியும். மூன்றாம் நாள் அம்மாவுக்கே எழுதுங்கள், "அம்மா, நீ" என்று நேராகப் பேசுகிற மாதிரி. இது ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததில்லை, எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் ஒப்பாரியில் செய்ததுதான்: செத்தவரை எதிரே வைத்துக்கொண்டு குறை, கோபம், ஏக்கம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பார்கள், நடுவில் கூடப்பிறந்தவனுக்கும் ரெண்டு குத்து விழும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிழையைப் பற்றிக் கவலையே வேண்டாம். யார் திருத்தப் போகிறார்கள்? அம்மாவிடம் தமிழில்தானே கத்தினீர்கள், அந்த வார்த்தை தமிழிலேயே வரட்டும், ல ள ழ எல்லாம் இடம் மாறி நிற்கட்டும். கை ஓடவில்லையென்றால் பர்மிய எழுத்தில் தமிழை எழுதுங்கள், நம்மில் பாட்டுகளை அப்படி எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் இல்லையா?

ஒன்று மட்டும். ஒரு விஷயத்தைத் தொட்டாலே உடம்பு நடுங்குகிறது, தாங்காது என்று தோன்றினால் அதை அப்படியே விட்டு வேறு எழுதுங்கள். நாலு நாளுக்கு அப்புறமும் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் பிடிக்கவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள். நோட்டு மருந்தாகிவிடாது. இந்த மாதிரி 146 ஆய்வுகளை 2006-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருக்கிறது, ஆனால் சராசரியில் சின்னதுதான் என்று தெரிந்தது.

கேள்வி: எழுதிய நோட்டை மனைவி படித்துவிட்டால்?
- ஒரு கணவன், மோல்மீன்

பதில்: கிழித்துப் போடுங்கள் தம்பி, அடுப்பும் இருக்கிறது. எழுதும்போதே வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் மனைவி கையில் கிடைக்கட்டும் என்றே தலையணைக்கடியில் வைக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது நோட்டு இல்லை, மனைவியோடு உட்கார்ந்து ஒரு டீ.

கேள்வி: "நான்" என்று ஆரம்பித்தாலே பேனா நின்றுவிடுகிறது. இருபது வயதில் நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றி எழுத நினைக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.
- யாங்கோன் வாசகர்

பதில்: "நான்" வேண்டாம், "அவன்" என்று எழுதிப் பாருங்கள். "அவனுக்கு அப்போது இருபது வயது, கையில் காசில்லை, கேட்க ஆளில்லை" என்று. அடுத்த வீட்டுப் பையனைப் பற்றி எழுதுகிற மாதிரி வரும், அந்தப் பையனை நீங்கள் அவ்வளவு திட்டவும் மாட்டீர்கள். ரெண்டு பக்கம் போனபின் "அவன்" தானாகவே "நான்" ஆகிவிடும், அப்போது அடித்துத் திருத்தாமல் மேலே எழுதிக்கொண்டே போங்கள்.