பழைய காட்சியில் புதுப் பாட்டு: படத்தொகுப்பு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரில் திரைக்கலை படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பருவத்தில் ஒரே வேலை: புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்காமல், கிடைத்த பழைய காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு பாட்டுக்கு இசைக்காணொளி செய்ய வேண்டும். அவர்கள் தங்கள் வட்டாரப் பெயரில் அனுப்பிய கேள்விகளுக்கு, படத்தொகுப்பே தொழிலாக உள்ள அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

செந்தூல்: அக்கா, காட்சிகளை எங்கே தேடுவது? இணையத்தில் கிடைக்கிற பழைய படமெல்லாம் இலவசம்தானே?

இல்லை தங்கச்சி. பழையது வேறு, உரிமை தீர்ந்தது வேறு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படம் வெளியான ஆண்டு முடிந்த பிறகும் 50 ஆண்டுக்கு உரிமை உண்டு. பழைய அமெரிக்கப் படங்களுக்கு அங்கே 95 ஆண்டு வரை போகும். யூடியூப்பில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டு கணக்கையும் பார்த்தே ஆக வேண்டும்.

தொடங்க நல்ல இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் உள்ள பிரிலிங்கர் தொகுப்பு. ரிக் பிரிலிங்கர் 1983இல் சேர்க்கத் தொடங்கியது. அதிலிருந்த பிலிம் சுருள்களை 2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கிக்கொண்டது. விளம்பரப் படம், தொழிற்சாலைப் படம், பள்ளிப் பாடப் படம், வீட்டில் எடுத்த படம் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமைக் குறிப்பைப் படித்து, அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள்.

நம் நாட்டுக் காட்சி வேண்டுமென்றால் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் கேளுங்கள். 1946இல் தொடங்கிய அரசுப் படப்பிரிவான மலாயன் பிலிம் யூனிட் என்ற பெயரைச் சொல்லித் தேடச் சொல்லலாம். பார்க்கக் கிடைக்கும் அனுமதி, பயன்படுத்தக் கிடைத்த அனுமதி ஆகாது. அதைத் தனியாக எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க நேரும், அதனால் முதல் வாரமே எழுதிப் போடுங்கள்.

பாட்டையும் மறக்கக் கூடாது. படத்துக்கு உரிமை தீர்ந்தாலும் பாட்டுக்குத் தீராது. இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஒலிப்பதிவின் சொந்தக்காரர் என்று மூன்று பேர் அனுமதி தர வேண்டும். மூன்று பேரும் ஒரே ஆளாக இருக்கிற உள்ளூர்க் குழுவின் பாட்டை எடுத்தால் பாதித் தலைவலி தீர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸ்: பெரியம்மாவின் கல்யாண விசிடி கிடைத்திருக்கிறது. எடுத்தவர் இப்போது எங்கே என்று தெரியாது. பயன்படுத்தலாமா?

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வேலைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், உரிமை எடுக்கச் சொன்னவருக்கே போகிறது. நம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. யார் காசு கொடுத்தார்களோ அவர்களிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கல்யாண விசிடியில் சினிமாப் பாட்டு ஒட்டியிருக்கும், ஆகவே அந்த ஒலித்தடத்தை முழுதாக நீக்கிவிடுங்கள்.

தட்டில் எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் டாட் என்று முடியும் கோப்புதான் படம். படத்தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வ் அதைத் திறக்காது. விஎல்சி பிளேயரில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றுங்கள். அளவு 352×288தான். ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்தால் சட்டகம் 4:3க்கு விரியவில்லை என்று பொருள், 384×288 கொடுங்கள். விசிடிக்கு டீஇன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டைக் கோடுகளாகப் பின்னிய படத்தைப் பிரிப்பது) போடவே கூடாது. விசிடியின் எம்பெக்-1 வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் (அசையும் படத்தின் ஒரு தனிப் படம்) முழுதாகத்தான் இருக்கும், போட்டால் உள்ள கொஞ்சக் கூர்மையும் போய்விடும்.

செத்தாப்பாக்: தாத்தா வீட்டு அலமாரியில் விஎச்எஸ் டேப் ஏழு, சூப்பர் 8 சுருள் இரண்டு. விசிஆரில் போட்டுப் பார்க்கலாமா?

முதலில் போடாதீர்கள் தம்பி. நம் ஊர் ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகச் சுருளின் விளிம்பைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ சிலந்திவலை மாதிரி இழையோ தெரிந்தால் அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு பூஞ்சை டேப்பை ஓட்டினால் விசிஆரின் தலை அழுக்காகி, அடுத்து ஓடும் நல்ல டேப்புக்கும் அது தொற்றும்.

சுத்தமான டேப்பைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, ஒரே மூச்சில் முழுதும் பதிவு செய்யுங்கள். மலிவான யூஎஸ்பி கேப்சர் கருவிகள், சிக்னல் ஆடும் இடத்தில் ஃபிரேமை விட்டுவிடும். டேப்புக்கும் கருவிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வழியாகக் கொடுத்தால் பல நேரம் சிக்னல் நிலைக்கும். படத்தின் அடியில் சில கோடுகள் நடுங்கும். அது விஎச்எஸ்ஸின் இயல்பு, வெட்டிவிடலாம்.

சூப்பர் 8 சுருளை மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருளிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள், புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். 50 அடிச் சுருளில் 3,600 ஃபிரேம், விநாடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 விநாடி. ஸ்கேன் செய்பவரிடம் "பிலிமின் ஒரு ஃபிரேமுக்குக் கோப்பில் ஒரே ஃபிரேம்" என்று எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் அவரே 25க்கு நிரப்பித் தந்துவிடுவார், அதைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

கெப்போங்: அமெரிக்கக் காட்சி, பிலிம் காட்சி, நம் ஊர்க் காட்சி எல்லாம் ஒரே டைம்லைனில் போட்டேன். சிலது விட்டு விட்டுக் குதிக்கிறது. ஏன்?

இந்த வேலையில் அதிகப் பேர் விழும் குழி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் டிவி, விசிடி, டிவிடி எல்லாம் விநாடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க வீடியோ 29.97. பேசும் பிலிம் 24. சூப்பர் 8 பெரும்பாலும் 18, அதற்கு முந்திய 8 எம்எம் 16. 25 டைம்லைனில் 29.97 கிளிப்பைப் போட்டால் மென்பொருள் விநாடிக்கு ஐந்து ஃபிரேமைத் தூக்கி எறிகிறது. நிற்கிற ஆளிடம் அது தெரியாது. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது பளிச்சென்று தெரியும். அடுத்தடுத்த ஃபிரேமைக் கலக்கும் ஃபிரேம் பிளெண்ட் போட்டால் குதிப்பு நின்று, இரட்டை நிழல் வரும்.

பாட்டுக் காணொளியில் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு: பழைய காட்சியின் ஒலி தேவையில்லை. அதனால் வேகத்தை மாற்றலாம். ரிசால்வில் கிளிப்புகள் இருக்கும் மீடியா பூலில் கிளிப்பின் பண்புகளைத் திறந்து 29.97ஐ 25 என்று மாற்றுங்கள். எல்லா ஃபிரேமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அசைவு 83 விழுக்காடு வேகத்தில் மிதக்கும். பாட்டுக்கு அந்த மிதப்பு பெரும்பாலும் அழகுதான். 24ஐ 25 ஆக்கினால் வேகம் 4 விழுக்காடுதான் கூடும், யாருக்கும் தெரியாது.

18க்கு வேறு கணக்கு. 18ஐ 25இல் அதே வேகத்தில் ஓட்ட விநாடிக்கு 7 ஃபிரேமை இரட்டிக்க வேண்டும், அந்த இரட்டிப்பு சமமாக விழாது. நேராக 25 ஆக்கினால் 139 விழுக்காடு வேகம், ஓட்டமும் சிரிப்பும் துள்ளும். ஒவ்வொரு ஃபிரேமையும் சரியாக இரண்டு முறை காட்டினால் 69 விழுக்காடு, மெதுவாக, கனமாக. இரண்டும் கண்ணுக்குச் சீராக இருக்கும். நடுவில் எதைப் பிடித்தாலும் தடுமாறும். இல்லாத நடு ஃபிரேமைக் கணித்து வரையும் ஆப்டிகல் ஃப்ளோ, பிலிம் துகளை அசைவு என்று நினைத்து முகத்தைக் களிமண் மாதிரி இழுத்துவிடும், வேண்டாம்.

முதல் கிளிப்பைப் போடுமுன் ப்ராஜெக்ட் 25இல் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசால்வ் "மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காட்சிகள் உள்ளே போனபின் அந்த எண்ணை மாற்ற விடாது.

அதே கெப்போங்: சில கிளிப்பில் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு வருகிறதே?

இரண்டு வியாதி, இரண்டு மருந்து. அம்பு விசையை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகருங்கள். எல்லா ஃபிரேமிலும் கோடு இருந்தால் அது இன்டர்லேஸ்: ஒற்றைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைக் கோடுகள் மறு பாதி, ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு. ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ், பாப் தேர்வு (ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃபிரேமாக்கும்), நம் ஊர் டேப்புக்கு ஃபிரேம் ரேட் 50. இதில் ஒரு லாபம்: அந்த 50ஐ 25 ஆக விரித்தால் சுத்தமான பாதி வேகம் கிடைக்கும். மூன்று ஃபிரேம் சுத்தம், இரண்டில் கோடு என்று மாறி மாறி வந்தால் அது 24 பிலிமை 29.97 ஆக நீட்டியது. டீடெலிசின் போட்டு 24க்குத் திருப்ப வேண்டும். மினிடிவி டேப் முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை தப்பு, மினிடிவியில் கீழ் ஃபீல்டுதான் முதலில்.

கோம்பாக்: உறுமி மேளப் பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் கட் போட்டேன், பாதிக்குமேல் தாளம் விலகுகிறது.

25ஐ 60ஆல் பெருக்கி, பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை ஃபிரேம் என்று வரும். 100க்கு 15, 125க்கு 12. ஆனால் 120க்கு 12.5. நீங்கள் 13 என்று வைத்து நகல் எடுத்துக்கொண்டே போனால் 32 அடியில் 16 ஃபிரேம், அரை விநாடிக்குமேல் தள்ளிவிடும். உறுமியோ ஒரே வேகத்தில் நிற்கிற தாளமே இல்லை, உச்சத்தை நோக்கி வேகம் ஏறும். கணக்கை விட்டுவிடுங்கள். பாட்டை ஓடவிட்டு, எம் விசையைத் தட்டி மார்க்கர் போடுங்கள். கை இரண்டு மூன்று ஃபிரேம் பிந்தித்தான் விழும். பிறகு ஒலி அலையைப் பெரிதாக்கி ஒவ்வொன்றையும் முகட்டுக்கு நகர்த்துங்கள்.

இதைவிட முக்கியமானது, அடியில் விழவேண்டியது கட் இல்லை, படத்துக்குள் இருக்கும் அசைவு. பால்மரம் வெட்டும் ஷாட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கத்தி பட்டையில் பதிந்து சரிவாக இறங்குகிறது, சீவல் சுருண்டு விழுகிறது. கட் ஆறு ஃபிரேம் முன்னாலேயே போட்டு, கத்தி பட்டையைத் தொடும் ஃபிரேமை அடியில் வையுங்கள். அப்போது உறுமியை அந்தக் கையே அடித்தது போல இருக்கும். எல்லா அடிக்கும் இப்படிச் செய்தால் கண் களைத்துவிடும். முதல் சரணத்தில் நான்கு அடிக்கு ஒன்று போதும். பாடுபவர் மூச்செடுக்கும் இடத்தில் ஒரு ஷாட்டை நீளமாக விட்டுப் பாருங்கள்.

செராஸ்: ஆறு மணி நேரக் காட்சி கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

நான்கு நிமிடப் பாட்டில் ஒரு ஷாட் சராசரியாக இரண்டரை விநாடி என்றால் 96 ஷாட் வேண்டும். 300 தேர்ந்தெடுத்து வையுங்கள். கோயில், கடைத்தெரு, தோட்டம் என்று பொருள்வாரியாகப் பிரிக்காதீர்கள். அசைவுவாரியாகப் பிரியுங்கள்: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், கேமராவை நோக்கி, மேலிருந்து கீழ், சுழற்சி, அசையாத முகம். ரயில் வலப்பக்கம் போய் மறைகிறது, அடுத்த ஷாட்டில் ஒரு பாட்டி அதே திசையில் தலையைத் திருப்புகிறார். ரயிலும் பாட்டியும் எங்கெங்கோ எடுத்தவை. ஆனாலும் பாட்டி யாரையோ வழியனுப்புகிறார் என்று பார்ப்பவர் மனம் சேர்த்துக்கொள்ளும். இந்தக் கலையின் உயிரே அங்கேதான். ஒவ்வொரு கிளிப்பின் பெயரிலும் மூலம், தொடங்கும் நேரம், உரிமை நிலை மூன்றும் இருக்கட்டும்.

அம்பாங்: பத்துமலைக் காட்சிகள் எந்தக் காலத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிலை இல்லையென்றால் அதற்கு முந்தியது. படிகள் பல வண்ணத்தில் இருந்தால் 2018 ஆகஸ்ட் அல்லது அதற்குப் பிந்தியது. பினாங்குக் காட்சியில் முதல் பாலத்தில் வண்டி ஓடினால் 1985க்குப் பிறகு. இது உரிமைக் கணக்குக்கும் உதவும், ஒரே நாள் போலக் காட்டும் வரிசையில் சிலை வந்து வந்து மறையாமலும் காக்கும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தைப்பூசக் காட்சியில் அருள்வந்து நிற்கும் முகத்தை அடையாளம் தெரிகிற மாதிரி நெருக்கத்தில் போடாதீர்கள். அது அவருடைய நேர்த்திக்கடன், நம் பாட்டுக்கு அலங்காரம் ஆகக் கூடாது. பாதம், சலங்கை, பால்குடத்தைப் பிடித்த விரல்கள் போதும்.

பண்டார் துன் ரசாக்: 4:3 படத்தின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது. முழுத் திரைக்குப் பெரிதாக்கலாமா? ஏஐ வைத்துக் கூர்மையாக்கலாமா?

நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும், பெரும்பாலும் தலையும் காலும்தான். 1440×1080இல் அப்படியே விடுங்கள். விசிடியை 1080க்கு ஊதினால் மூன்றே முக்கால் மடங்கு, கட்டம் கட்டமாக உடையும். சின்னச் சட்டமாக வையுங்கள், அல்லது மூன்றைப் பக்கம் பக்கமாக. ஏஐ இல்லாத கண்ணையும் பல்லையும் வரைந்து தரும். உங்கள் பெரியம்மாவின் முகம் வேறு யாரோ ஆகிவிடும். வேண்டாம்.

செந்தூல்: கடைசியாக, ஏற்றுமதி?

எல்லாவற்றுக்கும் மேல் ஒரே மெல்லிய கிரெய்ன் (பிலிம் துகள்) அடுக்கு போடுங்கள், பல மூலமும் ஒட்டிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் யூடியூப் சுருக்கும்போது கூழாகும். 1080 டைம்லைனாக இருந்தாலும் 3840×2160இல் ஏற்றுங்கள், அங்கே அதிக பிட்ரேட் (விநாடிக்கான தரவு அளவு) கிடைக்கும். இலவச ரிசால்விலேயே அந்த அளவு வரும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். ஏற்றியதும் முதல் சில மணி நேரம் அன்லிஸ்டெட் (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்ப்பது) ஆக வைத்து, உரிமைக் கோரல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், முதல் நாள் எடுத்த அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் அனுமதிக் கடிதத்தையும் வைத்துத்தான் மறுப்பு எழுத வேண்டியிருக்கும்.