சே குவேரா கொலையில் சி.ஐ.ஏ.வின் பங்கு: கேள்வி பதில்

கியூபப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான சே, பொலிவியாவில் கெரில்லாப் போர் நடத்தி 1967-ல் கொல்லப்பட்டதில் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வுக்கு என்ன பங்கு என்பது மட்டும்தான் இன்றைய விஷயம். ஒரு வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அன்று அங்கே இருந்த எந்த ராணுவக்காரரின், உளவாளியின் நினைவுக்குறிப்பையும் ஒற்றைச் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எல்லாம் பல வருடம் கழித்து எழுதியவை. எழுதிய ஒவ்வொருவருக்கும் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயர் இருந்தது.

கதிர்: சேவைக் கொன்றது சி.ஐ.ஏ.தானே சார்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

கொல்லச் சொன்னது லா பாஸில் இருந்த பொலிவிய அரசு. அவரைப் பிடிக்கும் அளவுக்கு ஒரு படையை உருவாக்கிக் கொடுத்தது அமெரிக்கா. இதற்கு மேல் ஒரு வரிக்குள் அடங்காது.

1967 மார்ச்சில் நியாங்காவாசு பக்கம் சேவின் கெரில்லாக்களிடம் பொலிவிய ராணுவம் அடிமேல் அடி வாங்கியது. ஏப்ரல் 28 அன்று அமெரிக்க ராணுவக் குழுவும் பொலிவிய ராணுவமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி ‘பாப்பி’ ஷெல்டன் என்ற மேஜர் தலைமையில் 16 பேர் கொண்ட சிறப்புப் படைக் குழு வந்தது. சாந்தா குரூஸ் அருகே லா எஸ்பெரான்சா என்ற ஊர். அங்கே மூடிக்கிடந்த ஒரு சர்க்கரை ஆலையில்தான் பொலிவிய ராணுவத்தின் இரண்டாவது ரேஞ்சர் பட்டாலியனுக்குப் பயிற்சி. செப்டம்பரில் பயிற்சி முடிந்தது, அக்டோபர் 8-ல் சே பிடிபட்டார். ஷெல்டனின் ஆட்களுக்கு மோதல் நடக்கும் பகுதிக்குள் போக அனுமதி கிடையாது. சி.ஐ.ஏ. ஆட்களுக்கு அப்படி இல்லை. ஃபெலிக்ஸ் ரோட்ரிகஸ், குஸ்தாவோ வில்லோல்டோ என்ற இரண்டு கியூப அமெரிக்கர்கள் ஆகஸ்டிலேயே பொலிவிய ராணுவச் சீருடையில் வந்துவிட்டார்கள்.

தமிழ்ச்செல்வி: அப்படியானால் சே கொல்லப்பட்ட லா இகேராவில் ரோட்ரிகஸ் அன்று என்னதான் செய்தார்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நல்ல கேள்வி. எல்லோரும் ஒத்துக்கொள்வதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 8, யூரோ பள்ளத்தாக்கு. கேப்டன் கேரி பிராடோவின் ரேஞ்சர்கள் சுற்றி வளைக்கிறார்கள். சேவுக்குக் கெண்டைக்காலில் குண்டு, அவருடைய துப்பாக்கிக் குழலையும் ஒரு குண்டு பதம் பார்த்துவிட்டது. அவரைப் பிடித்து லா இகேரா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். மண் சுவர் வைத்த சின்னக் கட்டடம். மறுநாள் காலை கர்னல் செந்தேனோ அனாயாவுடன் ரோட்ரிகஸ் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். கையோடு ஒரு ரேடியோவும் கேமராவும் கொண்டுவந்திருந்தார். சேவின் டைரியை விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். சேவை வெளியே அழைத்து வந்து பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பரட்டைத் தலையும் கிழிந்த உடையுமாக சே நிற்கும் அந்தப் படம்தான் இன்று எல்லோரும் பார்ப்பது.

இனி வருவது அவர் சொல்லும் கதை. மேலிடத்திலிருந்து சங்கேத எண்களில் உத்தரவு வந்தது: 500 என்றால் சே, 600 என்றால் கொல், 700 என்றால் உயிரோடு வை. வந்தது 500, 600. அமெரிக்கா அவரை உயிரோடு கேட்கிறது என்று கர்னலிடம் சொல்லிப் பார்த்தாராம், பலிக்கவில்லையாம். கடைசியில் சார்ஜென்ட் மாரியோ தெரானிடம், கழுத்துக்குக் கீழே சுடு, சண்டையில் பட்ட காயம் போலத் தெரியட்டும் என்று சொன்னாராம். பிற்பகல் ஒரு மணிக்கு மேல் வெடிச்சத்தம். கேரி பிராடோவோ ரோட்ரிகஸின் பங்கைக் குறைத்தே சொல்கிறார். நான் முதலில் எச்சரித்தது இதற்காகத்தான்.

ஆனால் ரோட்ரிகஸ் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்துப் பார்த்தாலும் போதும். சம்பளம் வாங்கும் ஒரு சி.ஐ.ஏ. ஆள் கொலை நடந்த இடத்தில் இருக்கிறார், உத்தரவு அவர் காது வழியாகப் போகிறது, எங்கே சுடவேண்டும் என்று யோசனையும் சொல்கிறார். இவரை ‘பார்வையாளர்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நெல்லை முத்து: சே இலங்கைக்கு வந்திருக்கிறாராமே?

வந்தார், 1959-ல். ஹொரணைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம்கூட நட்டார். தலைப்புக்கு வருவோம்.

பேராவூரணி பாலு: அமெரிக்கா அவரை உயிரோடு வைத்திருக்கவே விரும்பியது என்பது பிற்காலத்தில் கட்டிவிட்ட கதையா?

முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. அதிபர் ஜான்சனின் ஆலோசகர் வால்ட் ராஸ்டோ அக்டோபர் 11-ம் தேதி அவருக்கு எழுதிய குறிப்பு வெளியாகியிருக்கிறது. சேவைப் பிடித்தபின் பொலிவியப் படைத்தலைவர் ஜெனரல் ஓவாண்டோ சுடச் சொன்னார், இது முட்டாள்தனம் என்று நினைக்கிறேன், ஆனால் பொலிவியா பக்கமிருந்து பார்த்தால் புரிகிறது என்கிறார். அதே குறிப்பில் கீழே, நாம் பயிற்சி கொடுத்த பட்டாலியன்தான் அவரை மடக்கியது, நம் உதவி சரியான மருந்து என்பதற்கு இது சான்று என்று மார்தட்டலும் உண்டு. மேலே உள்ளதைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள், கீழே உள்ளதை வேறு சிலர். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அவர்கள் உயிரோடு கேட்டது இரக்கத்தால் அல்ல. விசாரித்துத் தகவல் கறக்கத்தான். பொலிவிய ஆட்சியாளர்களின் கணக்கு வேறு. அதிபர் பாரியெந்தோஸுக்கு, சேவின் முகாமுக்கு வந்துவிட்டுப் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர் டெப்ரேயின் வழக்கே பெரிய தலைவலியாகியிருந்தது. உலகப் பத்திரிகைக்காரர்கள் அந்த வழக்கு நடந்த கமிரி என்ற சின்ன ஊரில் முகாம் போட்டிருந்தார்கள். சேவை நிறுத்தி வழக்கு நடத்தினால் என்ன ஆகும்? அதிகபட்ச தண்டனையே 30 ஆண்டு. சிறையில் சே இருக்கும்வரை மீட்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் சண்டையில் பட்ட காயத்தால் செத்தார் என்று அறிவித்தார்கள். அது சில நாட்கள்கூட நிற்கவில்லை.

ரகு: சார், சி.ஐ.ஏ.தான் கொன்றதா இல்லையா? ஆமா, இல்லை போதும்.

கதிருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

இசக்கி: சேவின் குழுவில் இருந்த தான்யா என்ற பெண் கே.ஜி.பி. என்ற சோவியத் உளவுத்துறையின் ஆளா? கிளாஸ் பார்பி என்ற நாஜிதான் சேவைப் பிடிக்கத் திட்டம் போட்டாராமே?

தான்யா கியூபாவுக்காக வேலை செய்தவர். கே.ஜி.பி. என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. பார்பி அப்போது பொலிவியாவில் ஒளிந்திருந்தது உண்மை, திட்டம் போட்டது வாய்வழிப் பேச்சு.

தோழர் மணி: இதையெல்லாம் பேசுகிறீர்கள், காட்டிக்கொடுத்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை. சிரோ புஸ்டோஸ் கெரில்லாக்களின் முகங்களை வரைந்து கொடுக்காவிட்டால் சி.ஐ.ஏ.வுக்கு என்ன தெரிந்திருக்கும்?

வந்துவிட்டதா! சரி, தேதிகளை வரிசையாகப் பாருங்கள் தோழர். பிரெஞ்சுக்காரர் ரெஜி டெப்ரேயும் அர்ஜென்டினா ஓவியர் புஸ்டோஸும் முயுபம்பாவில் பிடிபட்டது ஏப்ரல் 20. மார்ச் நடுவிலேயே முகாமைவிட்டு ஓடிய இரண்டு பொலிவியர்கள் போலீஸிடம் சிக்கி, ‘ரமோன்’ என்ற பெயரில் இருந்த தலைவர் சேதான் என்பது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். கமிரியில் தான்யா விட்டுவந்த ஜீப்பும் உள்ளே இருந்த காகிதங்களும் மார்ச்சிலேயே அதிகாரிகள் கைக்குப் போய்விட்டன. புஸ்டோஸ் வரைந்தது உண்மை. ஏற்கெனவே தெரிந்தது அதனால் உறுதிப்பட்டது, அதிலிருந்து தொடங்கவில்லை.

அறிவழகன்: மணி சொல்வதில் பாதி சரி. ஆனால் டெப்ரேயை ஏன் விட்டுவிடுகிறார்? அவர்தானே முதலில் வாயைத் திறந்தவர்?

தோழர் மணி: டெப்ரே அடி வாங்கியவர். புஸ்டோஸ் பென்சில் கேட்டு வாங்கி உட்கார்ந்து வரைந்தவர். இரண்டும் ஒன்றா?

அறிவழகன்: அடி வாங்காமலா வரைந்தார்? உங்கள் வசதிக்குத் துரோகியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். சேவே ஜூலை மாத டைரிக் குறிப்பில் இருவரின் வாக்குமூலமும் சரியில்லை என்றுதான் எழுதுகிறார்; தேவையே இல்லாமல், போராட்டத்தைக் கண்டம் முழுக்கப் பரப்பும் நோக்கத்தை ஒப்புக்கொண்டார்களே என்று வருத்தம். ஒருவரைத் தனியே பிரித்துக் குற்றம் சாட்டவில்லை. நவம்பரில் இருவருக்கும் 30 ஆண்டு தண்டனை, 1970 டிசம்பரில் இருவரும் விடுதலை.

துரோகியைத் தேடும் ஆர்வத்தில் பெரிய விஷயம் கைநழுவிப் போகிறது. பொலிவியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாரியோ மொன்ஹே 1966 டிசம்பர் 31-ல் முகாமுக்கு வந்து, தலைமை யாருக்கு என்று சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். லா பாஸில் இருந்த ஆதரவாளர்களோடு தொடர்பு அறுந்தது. ஹவானாவிலிருந்து வரும் செய்தியை வாங்க முடியும், திருப்பி அனுப்பக் கருவி வேலை செய்யவில்லை. உளவுத் தோல்வி என்று பேசினால் கியூபா உளவுத்துறையின் தோல்வியையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

தோழர் மணி: அதற்காக ஹவானாதான் கைவிட்டது என்கிறீர்களா?

இல்லை. வேண்டுமென்றே கைவிட்டதற்கு ஆதாரம் இல்லை. திறமைக்குறைவு வேறு, துரோகம் வேறு. இந்தச் சண்டையை இதோடு விடுகிறேன், நீங்கள் இருவரும் டீ குடித்துவிட்டுத் தொடருங்கள்.

வான்மதி: அமெரிக்க விமானங்கள் சூட்டை உணரும் கருவி வைத்துக் கண்டுபிடித்தன என்று படித்தேன். உண்மையா?

கருவிக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று. அக்டோபர் 7, டைரியின் கடைசிக் குறிப்பு: ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு கிழவி பள்ளத்தாக்குக்குள் வந்துவிடுகிறாள். வாயைத் திறக்காதே என்று 50 பெசோ கொடுக்கிறார்கள், அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள் என்ற நம்பிக்கை மட்டும் சேவுக்கு இல்லை. அன்றிரவு நடந்தவர்கள் 17 பேர். மறுநாள் அவர்களைப் பார்த்துவிட்டு ராணுவத்திடம் சொன்னது ஒரு குடியானவர். பதினொரு மாதத்தில் ஒரு விவசாயிகூடச் சேரவில்லை என்று டைரி மாதாமாதம் புலம்புகிறது. 1953 நிலச் சீர்திருத்தத்தில் நிலம் கிடைத்தவர்கள் ஏராளம். பாரியெந்தோஸ் கெச்சுவா மொழியில் அவர்களோடு பேசுவார். கெரில்லாக்களும் முகாமில் கெச்சுவா படித்தார்கள், ஆனால் அவர்கள் நடமாடிய பகுதியில் புழங்கியது குவாரனி. இதை சி.ஐ.ஏ. கணக்கில் எழுத முடியாது.

சந்தோஷ்: சேவைக் கொன்றது சி.ஐ.ஏ. என்று எங்கள் ஆசிரியர்...

மேலே படியுங்கள் தம்பி.

கலைவாணி: காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவும் இப்படித்தானா?

இல்லை. அங்கே 1960-ல் சி.ஐ.ஏ. விஷத்தையே காங்கோவுக்கு அனுப்பியது. 1975-ல் அமெரிக்க செனட் குழு விசாரித்த கொலைத் திட்டங்களில் அதுவும் ஒன்று. சே அந்தப் பட்டியலில் இல்லை. லுமும்பாவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கவேண்டும்.

பழனிக்குமார்: ரோட்ரிகஸ் படம் எடுத்த டைரி பிறகு கியூபாவுக்கு எப்படிப் போனது?

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். அனுப்பியவர் பொலிவியாவின் உள்துறை அமைச்சர் அந்தோனியோ அர்கேதாஸ். பாரியெந்தோஸின் நெருங்கிய ஆள். மைக்ரோஃபிலிம் பிரதி அவர் மூலம் ஹவானாவுக்குப் போக, 1968 ஜூலையில் காஸ்ட்ரோவின் முன்னுரையோடு டைரி அச்சாகிவிட்டது. குட்டு வெளிப்பட்டதும் அர்கேதாஸ் நாட்டைவிட்டு ஓடினார். அதன்பிறகு அவரே ஒப்புக்கொண்டது: தான் சி.ஐ.ஏ.வுக்கு வேலை பார்த்தவன். கைரேகைக்காக வெட்டி எடுத்த சேவின் கைகளும் பின்னால் அவர் ஏற்பாட்டில்தான் கியூபா போய்ச் சேர்ந்தன. மனசாட்சியா, பேரமா, இரட்டை வேலையா? அவர் சொன்ன காரணம் ஆளுக்கு ஆள், வருடத்துக்கு வருடம் மாறியது. 2000-ல் லா பாஸில் கையிலிருந்த குண்டு வெடித்துச் செத்துப்போனார்.